ரெவிட் மாடலை எனர்ஜிபிளஸுக்குக் கொண்டுபோனால் உள்சுவர் எல்லாம் வெளிச்சுவர் ஆகிறது

வரைபலகை:
வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் 4 மாடி அலுவலகம் ஒன்று. ஈசிபிசி 2017 என்ற கட்டட ஆற்றல் சேமிப்பு விதிகளுக்கு ஆற்றல் கணக்கு காட்ட வேண்டும். ரெவிட்டில் (கட்டட வரைவு மென்பொருள்) வரைந்த மாடலை, ஆற்றல் மென்பொருள்கள் படிக்கும் ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பாக்கி, எனர்ஜிபிளஸ் என்ற ஆற்றல் சிமுலேஷன் மென்பொருளை இயக்கும் ஓப்பன்ஸ்டூடியோவில் திறந்தால், லிஃப்டைச் சுற்றியுள்ள சுவர்கள் வெளிச்சுவர் என்று வருகின்றன. முகப்புக் கண்ணாடியில் ஒவ்வொரு பேனலும் தனி ஜன்னலாகி, சிமுலேஷன் நகரவே மாட்டேன் என்கிறது. ஏசி லோடும் (ஏசி நீக்க வேண்டிய வெப்பத்தின் அளவு) நம்பும்படி இல்லை. இதையே சரிசெய்யலாமா, புதிதாக வரைந்துவிடலாமா?

வெப்பக்கணக்கு:
புதிதாக வரைய வேண்டாம். சைட்டுக்கு வரைந்த மாடலை அப்படியே அனுப்பவும் வேண்டாம். ஒரு நகல் எடுத்து, அதில் தேவையில்லாததை நீக்குங்கள்.

ஒரு சுவரின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பதுதான் எனர்ஜிபிளஸுக்கு முக்கியம். லிஃப்ட் குழியில் ரூம் (ரெவிட்டில் ஓர் இடத்தை அறை என்று காட்டும் குறி) வைக்காமல் விட்டால், அந்தப் பக்கம் வெட்டவெளி என்றே கோப்பு சொல்லும். கட்டடத்தின் நடுவில் நிற்கும் சுவர் சென்னை வெயில்காலக் காற்றின் சூட்டை வாங்கும். லோடு ஏறாமல் என்ன செய்யும்? லிஃப்ட், படிக்கட்டு, டக்ட் குழி, கழிப்பறை, எல்லாவற்றிலும் ரூம் வையுங்கள். ரூமின் மேல் எல்லை ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றால் மொட்டைமாடி ஸ்லாபின் வெப்பம் எந்த அறைக்கும் சேராது. ஸ்லாப் வரை உயர்த்துங்கள். பரப்போடு கன அளவையும் கணக்கிடும்படி ரெவிட்டில் மாற்றுங்கள். தூண்கள் ரூமின் எல்லையாக இருக்க வேண்டியதில்லை.

கர்ட்டன் வாலுக்கு (முகப்புக் கண்ணாடிச் சுவர்) பதில் சாதாரணச் சுவரும் அதில் அதே பரப்பளவுள்ள ஒரே ஜன்னலும் போதும். ஃப்ரேமையும் சேர்த்த யூ மதிப்பை (வெப்பம் கடத்தும் அளவு) கொடுங்கள்.

அப்புறம் உண்மை வடக்கு. தாளில் நேராகத் தெரிவதற்காகத் திருப்பி வரைந்த கட்டடம் அப்படியே போனால், மேற்குக் கண்ணாடி வேறு திசைக்குப் போய்விடும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. 15 பாகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு வடக்குக் கண்ணாடியில் ஈசிபிசி தரும் எஸ்எச்ஜிசி (கண்ணாடி வழியே உள்ளே வரும் சூரிய வெப்பத்தின் விகிதம்) சலுகை நமக்குக் கிடையாது, வடக்கிலும் உச்ச வரம்பு 0.27-தான். எனக்கு இது மிகவும் பிடித்த விதி, நம் வெயிலைத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள்.

ஏஎச்யூ அறை:
ஐஎஃப்சி (மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பகிரும் பொதுக் கோப்பு வடிவம்) வழியையும் பாருங்கள். ஏற்றுமதியில் இரண்டாம் நிலை ஸ்பேஸ் பவுண்டரி (அறையின் எல்லைப் பரப்பு) தேர்ந்தெடுத்தால், ஒரே நீளச் சுவர் பின்னால் உள்ள அறைகளுக்கு ஏற்பத் துண்டாகி வரும். முதல் நிலையில் அது நடக்காது.

வெப்பக்கணக்கு:
உண்மை. ஆனால் ரூம் இல்லாத இடத்தில் ஐஎஃப்சியும் அதே தவறைத்தான் செய்யும். முதலில் ரூம்.

வரைபலகை:
குழிகளில் ரூம் வைத்ததும் உள்சுவர்கள் ஜோடி சேர்ந்துவிட்டன சார், மிக்க நன்றி. திறந்த அலுவலகத் தளம் முழுவதும் ஒரே ஸோன் (ஒரே வெப்பநிலை என்று கணக்கிடும் பகுதி) என்றால் போதுமா?

வெப்பக்கணக்கு:
போதாது. வெளிச்சுவரிலிருந்து சுமார் 4.5 மீட்டர் வரை திசைவாரியாகப் பிரியுங்கள், நடுப்பகுதி தனி ஸோன். இல்லையென்றால் மாலையில் மேற்குப் பக்கம் ஏறும் வெப்பத்தைக் கிழக்குப் பக்கத்தோடு சராசரி ஆக்கிவிடும், ஏசி அளவு குறைவாக வரும். சுவர், கண்ணாடிப் பொருள்களின் வெப்பக் குணங்களை ஓப்பன்ஸ்டூடியோவில் கையால் கொடுங்கள், கோப்போடு வந்ததை நம்ப வேண்டாம். ஆள் எண்ணிக்கை, விளக்கு, வேலை நேரம் எதுவும் ஆர்க்கிடெக்ட் மாடலில் இருக்காது. கட்டட உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.