வழுவா, ஓட்டையா, நொய்வா?

அனைவருக்கும் வணக்கம்.

தொலைபேசி வலைகளின் பாதுகாப்புக் குறைகளை அரசு மக்களுக்குச் சொல்வது பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘பலவீனங்களை வெளிப்படுத்துதல்’ என்று வந்து நிற்கிறது. இரண்டு சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. பலவீனம் என்றால் ஆளைச் சொல்கிறோமா அமைப்பைச் சொல்கிறோமா என்றே தெரியவில்லை. கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்கும் ‘வழு’வைப் போட்டுவிடலாமா?

பிடோக்கிலிருந்து

——

> ‘வழு’வைப் போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. எழுதியவர் நினைத்தபடி நிரல் நடக்காவிட்டால் அது வழு. தொலைபேசி நிறுவனங்களின் வலைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞை முறையான எஸ்எஸ்7 எழுதியபடியேதான் நடக்கிறது, வில்லங்கமே அதில்தான். 1970களில் அதை வடிவமைத்தவர்கள், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தொலைபேசி நிறுவனங்கள்தானே என்று நம்பினார்கள். கேட்பவர் யார் என்று சோதிக்க எதுவும் வைக்கவில்லை.

நடப்பது இதுதான். வெளிநாட்டில் ஒரு சமிக்ஞை முகவரியை வாடகைக்கு எடுத்தவர், உங்கள் எண்ணைக் கொடுத்து ‘இவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பணும், எங்கே அனுப்ப?’ என்று கேட்கிறார். சந்தாதாரரை வலை அடையாளம் காணும், சிம்மின் ஐஎம்எஸ்ஐ எண்ணும், கைப்பேசி அப்போது சேர்ந்திருக்கும் இணைப்பகத்தின் முகவரியும் பதிலாக வந்துவிடும். அடுத்து அந்த இணைப்பகத்திடமே ‘எந்த செல், அதாவது எந்தக் கோபுரத்தின் வட்டம்?’ என்று கேட்டால் ஆள் எந்தப் பேட்டையில் இருக்கிறார் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். கடைசியாக, ‘இவர் இப்போது எங்கள் வலையில் இருக்கிறார்’ என்று ஒரு பொய்ப் பதிவு. அவ்வளவுதான், குறுஞ்செய்திகள் அங்கே திரும்பும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் சேர்த்து. ஹாம்பர்க் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் 2014 டிசம்பரில் இந்தப் பலவீனங்களை மேடையிலேயே விளக்கிவிட்டார்கள். ஆனாலும் 2017இல் ஜெர்மனியில் இதே வழியில் கணக்குகளிலிருந்து பணம் போனது.

‘ஓட்டை’யும் பொருந்தாது. ஓட்டை பிறகு விழுவது, அடைத்தால் தீர்ந்தது. இதுவோ கட்டும்போதே மெத்தென்று விட்ட இடம். நொய்யரிசியில் வரும் நொய்யை வைத்து ‘நொய்விடம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

செங்காங்கிலிருந்து

——

தம்பி, நொய் நல்ல வேர்தான். ஆனால் ‘விடம்’ என்றதும் நஞ்சு நினைவுக்கு வருகிறது, வானொலியில் ‘நோய்விடம்’ என்று காதில் விழும். இடத்தை விட்டுவிட்டு ‘நொய்வு’ என்றே நிறுத்தலாம். பன்மைக்கு ‘நொய்வுகள்’ என்று எண்ணவும் வரும்.

வழுவைக் கைவிட்டதில் ஒரு வருத்தம். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை இலக்கணம் வழுவமைதி என்று ஒப்புக்கொள்ளும். எஸ்எஸ்7ஐ இன்னும் கழற்றாமல் வைத்திருப்பதும் அந்த மாதிரி ஓர் அமைதிதான்.

‘வெளிப்படுத்துதல்’ என்ன ஆச்சு?

பிடோக்கிலிருந்து

——

அதைத்தான் உடைக்க வேண்டும். நிறுவனத்தின் காதில் மட்டும் போடுவது ‘தெரிவிப்பு’, ஊருக்கே சொல்வது ‘வெளியீடு’. ‘வெளிப்படைத்தன்மை’ என்பது குணம். அதை ஒருவரிடம் கேட்டு வாங்க முடியாது, ஆனால் ‘அந்த வெளியீடு எங்கே?’ என்று கேட்கலாம். அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமை தொலைபேசி வலைகளின் நிலை பற்றி 2022இல் எழுதி வாங்கிய அறிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஆண்டுக்கணக்கில் வெளியே வரவில்லை. செனட்டர் ரான் வைடன் 2025இல் முகமையின் தலைவர் நியமனத்தையே நிறுத்திவைத்துத்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது. தெரிவிப்பு இருந்தது, வெளியீடு இல்லை.

நம் சிங்கப்பூரில் 2025 ஜூலையில் அமைச்சர் சண்முகம் யுஎன்சி3886 என்ற இணையத் தாக்குதல் குழுவின் பெயரைச் சொன்னார், முக்கிய உள்கட்டமைப்பைத் தாக்குகிறது என்றார், விவரத்துக்குள் போகவில்லை. தாக்குபவரைச் சொன்னதே தவிர, நொய்வைச் சொன்னதல்ல. அதற்கு ‘தாக்குநர் சுட்டல்’ என்று தனிச்சொல் வைக்காவிட்டால் செய்தியில் மூன்றும் குழம்பும்.

செங்காங்கிலிருந்து

——

வெளியீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதினால்தான் சொல் நிற்கும்.

கைப்பேசி நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ, வலைகளுக்கு இடையே ஓடும் இந்த எஸ்எஸ்7 செய்திகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை வெளி வலையிலிருந்து வரவே கூடாதது, எல்லையிலேயே நிறுத்திவிடலாம். இரண்டாவதை, இங்கே வந்திருக்கும் வெளிநாட்டுச் சந்தாதாரரின் தாய் வலை மட்டும் கேட்கலாம். ஐஎம்எஸ்ஐயையும் கேட்பவர் முகவரியையும் ஒப்பிட்டால் போதும். மூன்றாவதுதான் தலைவலி. வெளிநாட்டில் சேர்ந்த கைப்பேசி பற்றிய பதிவு உண்மையாகவும் வரும், பொய்யாகவும் வரும். கடைசியாக இருந்த இடத்தையும் இடைப்பட்ட நேரத்தையும் கணக்கிட வேண்டும். பத்து நிமிடத்தில் ஐரோப்பா என்றால் பொய். ஆனால் மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான், உட்லண்ட்ஸ் கரையில் நின்றாலே சில நேரம் ஜோகூர் அலை பிடிக்கும். அங்கிருந்து வரும் பொய்யைத் தூரக் கணக்கு பிடிக்காது.

ஆக, ஒவ்வொரு வகைக்கும் வடிகட்டி இருக்கிறதா, எந்த மாதம் சோதித்தார்கள், என்ன மிச்சம் என்று வெளியிட்டால் போதும். கருவிகளின் முகவரியும் வடிகட்டி விதிகளும் தெரிவிப்போடு நிற்கட்டும். வடிகட்டி இல்லை என்று சொன்னால் திருடனுக்கு உதவாதா என்பார்கள். அவன் ஒரு கேள்வி அனுப்பிப் பார்த்தே தெரிந்துகொள்வான். தெரியாமல் இருப்பது சந்தாதாரர்தான்.

ஜூரோங்கிலிருந்து

——

அப்படியானால் இந்த வாக்கியம் செய்தியில் வாசித்தால் புரியுமா பாருங்கள்: ‘மூன்றாம் வகை நொய்வு இன்னும் நீங்கவில்லை; குறுஞ்செய்திக் கடவுச்சொல்லுக்குப் பதில் வங்கிச் செயலியின் டோக்கனைப் பயன்படுத்துங்கள்.’

பிடோக்கிலிருந்து

——

புரியும். ‘நீங்கவில்லை’ என்றால் தானாகவே நீங்கும் என்று ஆகிவிடும் ஐயா. ‘நீக்கப்படவில்லை’ என்று மாற்றுங்கள்.

செங்காங்கிலிருந்து