புதுப்பிப்பு: தருமபுரியிலிருந்து பெங்களூரு, ரயிலும் மெட்ரோவும்

முந்தைய பதிவில் ஒருநாள் மெட்ரோ பாஸே லாபம் என்று எழுதியிருந்தேன். எல்லாருக்கும் அது பொருந்தாது. 2025 பிப்ரவரி கட்டண உயர்வுக்குப் பின் மிக நீண்ட பயணமே 90 ரூபாய்; முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கும் மெட்ரோ ஸ்மார்ட் கார்டில் 5% கழிந்து 85.50. போக வர 171 ரூபாய்தான். நாள் முழுக்க எத்தனை முறையும் போகலாம் என்ற ஒருநாள் பாஸின் விலை அந்த உயர்வின்போது 300 ரூபாய். ஏறி இறங்கிச் சுற்றுபவர்கள் மட்டும் பாஸ் வாங்குங்கள். கார்டில் 90 ரூபாய்க்குக் குறைந்தால் கேட் திறக்காது, கவனம்.

முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டை முந்தின இரவே எடுத்து வைக்காதீர்கள். எடுத்த 3 மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டிருந்தீர்கள்: ஊரில் ஸ்டேஷன் இல்லை, ஓசூர் போய் ஏறுங்கள். எந்த வண்டி எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். பெங்களூருவின் பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா ரயில் முனையமும் பையப்பனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷனும் ஒன்றல்ல. மூட்டை முடிச்சோடு நடக்கிற தூரமில்லை.