கிட் கமிட்டையும் பணி எண்ணையும் முனையத்திலிருந்தே இணைக்க வழி உண்டா?

அட்டன் நிரலர்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து, தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கணக்கைப் பதிவதற்கான ஒரு செயலியை எழுதி வருகிறோம். நிரலை, அதன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலும், பணிகளைக் கிட்ஹப் தளத்தின் இஷ்யூ பட்டியலிலும் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது, பதிந்த எந்த மாற்றம் (கமிட்) எந்தப் பணிக்காகச் செய்யப்பட்டது என்பது எழுதியவருக்கே விளங்குவதில்லை. மழைக்காலத்தில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதால், உலாவியைத் திறந்து பணிப் பக்கத்தைத் திருத்துவதும் பல நாட்களில் கைகூடுவதில்லை. கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தை விட்டு வெளியேறாமல் இரண்டையும் இணைக்கும் கருவி ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும்.

பதுளை வாசி:
கிட்ஹப் நிறுவனமே வெளியிட்டிருக்கும் 'ஜிஎச்' என்ற கருவியைப் பாருங்கள்; அதன் 1.0 பதிப்பு 2020இல் வந்தது. 'ஜிஎச் இஷ்யூ டெவலப் 42' என்று கட்டளையிட்டால், 42ஆம் பணியுடன் இணைந்த ஒரு பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) உருவாகும். பின்னர் அந்தக் கிளையை இணைக்கக் கோரும் புல் ரிக்குவெஸ்ட்டின் விவரத்தில் 'குளோசஸ் #42' என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்தால், அது இணைக்கப்பட்டதும் பணி தானாகவே மூடப்படும். இது களஞ்சியத்தின் இயல்புநிலை (முதன்மை) பிராஞ்சில் இணைத்தால் மட்டுமே நடக்கும். நான் வேறொரு பிராஞ்சில் இணைத்துவிட்டு, பணி ஏன் மூடப்படவில்லை என்று இரண்டு நாட்கள் தேடியிருக்கிறேன்.

நானுஓயா:
மேலே சொன்னது நல்ல வழிதான், ஆனால் அந்தக் கட்டளைக்கு இணைய இணைப்பு வேண்டும். கேட்டவரின் சிக்கலே அதுதானே. கமிட் செய்வதற்கு இணைப்புத் தேவையில்லை என்பதால், பணி எண்ணை முதலில் பிராஞ்சின் பெயரிலேயே வைத்துவிட்டு, அதைக் கமிட் செய்தியில் சேர்க்கும் வேலையைக் கிட்டின் 'பிரிப்பேர்-கமிட்-எம்எஸ்ஜி' என்ற ஹூக்கிடம் (கமிட் செய்யும்போது தானே இயங்கும் சிறு நிரல்) ஒப்படைத்துவிடலாம். பிராஞ்சின் பெயரைப் படித்து, தொடக்கத்திலுள்ள எண்ணை எடுத்து, செய்தியில் எழுதும் நான்கைந்து வரி ஷெல் நிரலே போதும். இணைப்புத் திரும்பியதும் கமிட்டுகளைக் கிட்ஹப்புக்கு அனுப்பினால் (புஷ் செய்தால்), அந்தந்தப் பணிப் பக்கத்தில் கமிட் தானாகத் தோன்றும்.

களஞ்சியத்தை வேறொரு கணினிக்குப் படியெடுக்கும்போது (குளோன் செய்யும்போது) ஹூக்குகள் உடன் வருவதில்லை. ஆகவே அவற்றைக் களஞ்சியத்திற்குள்ளேயே ஒரு கோப்புறையில் வைத்து, நால்வரும் தத்தம் கணினியில் 'கோர்.ஹூக்ஸ்பாத்' என்ற அமைப்பை அந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிடுங்கள்.

அட்டன் நிரலர்:
மிக்க நன்றி. ஹூக் இயங்குகிறது. ஆனால் செய்தி '#42' என்று தொடங்கினால், எடிட்டரைச் சேமித்து மூடியதும் அந்த வரியே காணாமற்போகிறது. ஒரே வரியில் எழுதிய செய்தி என்றால், செய்தி வெறுமையாக உள்ளது என்று கமிட்டே நின்றுவிடுகிறது.

நானுஓயா:
அது ஹூக்கின் தவறன்று. எடிட்டர் வழியாக எழுதும்போது, '#' குறியில் தொடங்கும் வரிகளைக் குறிப்புரையாகக் கருதிக் கிட் நீக்கிவிடும். '#42' என்பதற்குப் பதிலாக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் 'ஜிஎச்-42' என்று ஹூக் எழுதும்படி மாற்றுங்கள்; கிட்ஹப் அதையும் பணி எண்ணாகவே அறிந்துகொள்ளும். 'கோர்.கமென்ட்சார்' அமைப்பில் வேறு குறியை வைப்பதும் ஒரு வழிதான், ஆயினும் அதை நால்வரும் தத்தம் கணினியில் செய்தாக வேண்டும். ஒருவர் மறந்தாலும் மீண்டும் இதே கதைதான்.