பட்டர் தலை செய்தேன், பந்து வலப்பக்கமே போகிறது. கனம் கூட்டட்டுமா?

குத்துவிளக்கு லேத் (நாச்சியார்கோவில்)

எல்லாருக்கும் வணக்கம். நமக்குத் தொழில் பித்தளை விளக்கு. வார்ப்பிலிருந்து வருவதை லேத்தில் கடைந்து பாலிஷ் போட்டுக் கொடுப்பது என் வேலை, 18 வருஷமாக. கோல்ஃப் பற்றி ஒன்றும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் அத்தான் அந்த ஆட்டம் ஆடுகிறார். பொங்கலுக்கு வந்தவர், "மாப்பிள்ளை, இவ்வளவு நுணுக்கமாகக் கடைகிறாயே, எனக்கு ஒரு பட்டர் தலை செய்து கொடேன்" என்றார். எனக்கு ஸ்ரீரங்கத்துப் பட்டர்தான் ஞாபகம் வந்தார், இதென்ன விபரீதம் என்று பார்த்தேன். அப்புறம்தான் போனில் படம் காட்டினார். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை உருட்டிவிடுகிற மட்டைக்குப் பெயர் பட்டராம். பழைய மட்டையின் தண்டு ஒன்றையும் இரண்டு பந்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

செய்தது இதுதான்: பித்தளைக் கட்டை, நீளம் 75 மி.மீ., அகலமும் உயரமும் 25. எடை 400 கிராம் பக்கம். நட்டநடுவில் டிரில் போட்டுத் தண்டை நேர் செங்குத்தாக இறக்கி ஒட்டிவிட்டேன். மேலே குறி பார்க்க அரத்தால் ஒரு கோடு. விளக்குக்குப் போடுகிற பாலிஷே போட்டதில் முகம் பார்க்கலாம் போல வந்துவிட்டது.

ஹாலில் மொசைக் தரை. 3 மீட்டர் தள்ளி டபராவைப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தால் இரண்டு தொல்லை. ஒன்று, கோட்டை வைத்து நேராகத்தான் குறி பார்க்கிறேன், பந்து இரண்டு விரற்கடை வலப்பக்கம் போய் டபரா விளிம்பில் இடித்து விலகுகிறது. இன்னொன்று, நடுவில் படாமல் வெளி ஓரத்தில் பட்டால் தலை கையிலேயே திரும்புகிறது, பந்தும் ஒரு முழம் முன்னாடியே நின்றுவிடுகிறது. கனம் பத்தவில்லை என்று நினைக்கிறேன். 500 கிராமுக்கு ஏற்றினால் சரியாகுமா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டாறு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோபப்படாதீர்கள், சும்மா சொன்னேன். ஆனாலும் முதல் தடவை மட்டை பிடிக்கிறவர் நேராக அடிக்கிறேன் என்று சொன்னால் எப்படி நம்புவது?

தஞ்சாவூர் மெக்கானிக்கல்

கனம் கூட்ட வேண்டாம். கடையில் கிடைக்கும் பட்டர் தலைகள் பெரும்பாலும் 340லிருந்து 370 கிராமுக்குள்தான் இருக்கும், உங்களுடையது ஏற்கெனவே அதற்கு மேல். சிக்கல் எடையில் இல்லை, எடை உட்கார்ந்திருக்கும் இடத்தில். நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு கோளாறு, ஒரே மருந்தில் தீராது. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் கையில் தலை திரும்புவது. காவடி தூக்கியவர்களைக் கேளுங்கள், இரண்டு முனையிலும் செம்பு தொங்கும்போது சட்டென்று சுற்றித் திரும்ப முடியாது. அதே எடையை மூட்டையாகத் தோளில் வைத்தால் எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம். பட்டர் தலையும் அப்படித்தான். உங்கள் காலுக்குப் பக்கமாக இருக்கும் முனையை ஹீல் என்பார்கள், வெளிமுனையை டோ என்பார்கள். எடையை இந்த இரண்டு முனைக்கும் தள்ளிவிட்டால், ஓரத்தில் பந்து பட்டாலும் தலை லேசில் திரும்பாது. இந்தப் பிடிவாதத்துக்குத்தான் எங்கள் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர்.

உங்கள் கட்டைக்குக் கணக்குப் போட்டேன், சுமார் 2000 கிராம் செ.மீ. வர்க்கம் வருகிறது. அதையே 110 மி.மீ. நீளமாக்கி, நடுவில் அலுமினியக் கட்டை 90 கிராம், இரு முனையிலும் பித்தளை 130, 130 கிராம் வையுங்கள். மொத்தம் 350தான், உங்களுடையதைவிடக் குறைவு. ஆனால் திருப்புத்திறன் 6000ஐத் தொடும், மூன்று மடங்கு. பந்து 46 கிராம் என்று வைத்து நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளிப் பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால், பழைய தலையில் பந்து ஓடும் தூரம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது, புதியதில் 5 விழுக்காடு. 3 மீட்டரில் 14 விழுக்காடு என்றால் 42 செ.மீ. நீங்கள் சொன்ன ஒரு முழம் அதுதான்.

இப்போது நிறைய பேர் தப்பாக நினைக்கும் இடம். தலை திரும்புவதால்தான் பந்து வலப்பக்கம் போகிறது என்று உங்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. பந்தும் முகமும் (தலையில் பந்தை அடிக்கும் பக்கம்) தொட்டுக்கொண்டிருப்பது சுமார் அரை மில்லிசெகண்ட். தலை திரும்பியதைக் கை உணர்வதற்குள் பந்து போய்விட்டது. அந்த அரை மில்லிசெகண்டில் தலை திரும்புவது பத்தில் ஒரு டிகிரியைச் சுற்றித்தான், 3 மீட்டரில் அது ஒரு செ.மீ.கூட இல்லை. ஆக, முனைக்கு எடை தள்ளுவது தூரத்தைக் காப்பாற்றும், திசையை அவ்வளவாகக் காப்பாற்றாது. பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதை, தொடும் நேரத்தில் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது, மட்டை வீசிய பாதைக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

கோல்ஃப் குழியின் குறுக்களவு 108 மி.மீ., அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை 54. முகம் 1 டிகிரி கோணினால் 3 மீட்டரில் பந்து 52 மி.மீ. விலகும். அவ்வளவுதான், விளிம்பில் நிற்கும். இப்போது உங்கள் கோட்டுக்கு வருவோம். 75 மி.மீ. நீள முகத்தில் ஒரு முனை மற்ற முனையைவிட 1 மி.மீ. பின்னால் இருந்தாலே முக்கால் டிகிரி. அரத்தால் கையில் போட்ட கோடு என்கிறீர்கள். மூலைமட்டத்தை முகத்தில் சாய்த்து வைத்து, கோடு அதோடு ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

குத்துவிளக்கு லேத்

வெட்டாறு அண்ணே, கூடமே கோணல்தான்! சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து போய் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் முகத்தின் நீளத்துக்குக் கணக்காக ஒரு மி.மீ. சரியாக வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. விளக்கில் இந்த மாதிரி ஒரு மி.மீ. யார் கண்ணுக்கும் படாது, எண்ணெய் ஊற்றினால் மறைந்துவிடும்.

வெட்டாறு

சரி சரி, ஒப்புக்கொள்கிறேன்.

மன்னார்குடி டு ஜொகூர்

தம்பி, நான் மலேசியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலையில் 11 வருஷம் இருந்தவன். தஞ்சாவூர் சார் சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் மொசைக் தரையில் பார்ப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், இருப்பது பெர்முடா புல், நம்ம வயல் வரப்பில் காலில் சிக்கும் அருகம்புல் இனம்தான், பிள்ளையாருக்குச் சாத்துவோமே. அதை 3, 4 மி.மீ. உயரத்துக்கு வெட்டி வைத்திருப்போம். பந்து அதன் மேல் நிற்காது, கொஞ்சம் அமுங்கிச் சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் முகத்தை நேர் செங்குத்தாக வைத்து அடித்தால் பந்து புல்லில் அமுங்கித் துள்ளிவிட்டுத்தான் ஓடும். துள்ளுகிற பந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். பட்டர் முகத்துக்கு 3லிருந்து 4 டிகிரி பின்சாய்வு கொடுப்பது அதற்குத்தான், பந்தைப் பள்ளத்திலிருந்து லேசாக எழுப்பி உருளவைக்கும். கூட்டிவிடவும் வேண்டாம், பட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் விதியே அனுமதிக்காது.

அப்புறம் தண்டு. செங்குத்தாக இறக்கியிருக்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆடுபவர் தண்டைத் தன் பக்கம் சாய்த்துத்தான் பிடிப்பார், தரையோடு 70 டிகிரி கணக்கில். அப்படிப் பிடித்தால் உங்கள் தலையின் டோ பக்கம் படகு மூக்கு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். விதிப்படியும் தண்டு செங்குத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் பந்தைக் காலுக்கு நடுவே வைத்து ஊஞ்சல் மாதிரி ஆட்டி அடித்தார்கள், அதைத் தடுக்க 1968ல் விதியை இறுக்கினார்கள். அத்தான் வீட்டு மொட்டை மாடியில் ஆடினால் பரவாயில்லை, கிளப் போட்டியில் ஆடுவார் என்றால் இதைக் கவனியுங்கள். நடுவில் தண்டு வைப்பது தப்பில்லை, பட்டருக்கு எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தலையின் ஹீல்-டோ நீளம் முன்பின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், 7 அங்குலம் தாண்டக் கூடாது. 110 மி.மீ.க்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை.

கடைசியாக, அந்தப் பாலிஷ் வேண்டாம். வெயிலில் குனிந்து பார்க்கும்போது கண் கூசும். மங்கலாக விடுங்கள். குத்துவிளக்குக்காரரிடம் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சாமிமலை மெழுகு

இரண்டு ஊர் தள்ளி இருந்துகொண்டு என்னைக் கூப்பிடவில்லையே. இந்தப் பட்டர் சமாசாரம் நம்ம தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவர், தனக்குப் பட்டிங் சரியாக வரவில்லை என்று 1959ல் தானே ஒரு பட்டர் செய்தார். பந்து பட்டால் 'பிங்' என்று சத்தம் வந்ததாம், அதுவே கம்பெனி பெயராகிவிட்டது. 1966ல் அவர் கொண்டுவந்த ஆன்சர் என்ற தலை, தஞ்சாவூர் சார் சொன்ன அதே காவடி வேலைதான்: நடுவில் குடைந்து எடுத்து எடையை இரு முனைக்கும் தள்ளியது. இன்றைக்கு வரைக்கும் எத்தனையோ கம்பெனிகள் அந்த உருவத்தைத்தான் சுற்றிச் சுற்றிச் செய்கிறார்கள். பழைய ஆன்சர் மாங்கனீஸ் வெண்கலத்தில் வந்தது. பேர்தான் வெண்கலம், உள்ளே பெரும்பங்கு செம்பும் துத்தநாகமும், நம்ம பித்தளைக்குப் பங்காளி. அந்தக் கம்பெனி கோல்ஃப் மட்டைத் தலைகளை மெழுகு வார்ப்பில் வார்ப்பதற்குப் பேர்போனது. நாங்கள் தேன்மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிக் கருப்பிடித்து, மேலே காவிரி வண்டல் பூசிச் செய்வதற்கு அது அமெரிக்க ஒன்றுவிட்ட தம்பி.

அலுமினியம், திருகாணி என்றெல்லாம் ஒட்டுப்போட விருப்பம் இல்லை என்றால், ஒரே பித்தளையில் நடுவைக் குடைந்த மாதிரி மெழுகில் செய்து கொடுங்கள், வார்த்துத் தருகிறேன். ஒன்று மட்டும்: உலோகம் ஆறும்போது சுருங்கும், தட்டையான முகம் நடுவில் உள்வாங்கும். அதனால் முகத்தில் ஒன்றரை மி.மீ. கூடுதலாக விட்டு வார்த்துவிட்டு அப்புறம் மில்லிங்கில் (சுழலும் கட்டரால் சீவும் மிஷினில்) எடுக்க வேண்டும். வார்ப்பு முகத்தை அப்படியே வைத்து அடிக்க முடியாது. வெண்கல மணி உலோகம் சத்தம் நன்றாக வரும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வெள்ளீயம் அதிகம், கீழே விழுந்தால் விரியும், டூலும் தாங்காது.

தஞ்சாவூர் மெக்கானிக்கல்

மெழுகு அண்ணன் சொன்ன மில்லிங்தான் முக்கியம். முகத்தை எடுத்த பிறகு ஜாபை, அதாவது வெட்டுகிற கட்டையை, வைஸிலிருந்து கழற்றாமல் அதே பிடியில் மேல் கோட்டையும் வெட்டுங்கள். முகத்துக்கு டேபிளை ஒரு பக்கம் ஓட்டுகிறீர்கள், கோட்டுக்குக் குறுக்கே ஓட்டுகிறீர்கள், மிஷினே மூலைமட்டம். கழற்றி மறுபடி மாட்டினால் பழைய கதைதான். சாய்வுக்கு அடியில் 3 டிகிரி ஆப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

குத்துவிளக்கு லேத்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். வார்ப்புக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, இப்போதைக்கு அலுமினியம் நடுவில், பித்தளை முனைகளில், இரண்டு பக்கமும் திருகாணி. மில்லிங் நம்மிடம் இல்லாததால் கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஜாபைக் கழற்றப் போனவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கோடும் போட்ட பிறகுதான் விட்டேன். தண்டு 20 டிகிரி சாய்வு. நகைக்கடைத் தராசில் 352 கிராம். மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் இல்லை.

வாசலில் பழைய கோரைப்பாயை விரித்து அடித்தேன், புல்லுக்கு அதுதான் கிடைத்தது. நடுவில் பட்டால் டபராவுக்குள்ளேயே போய் டங் என்கிறது. வேண்டுமென்றே டோ பக்கம் அடித்தால் முழம் போய் சாணாகிவிட்டது, சாணுக்கும் குறைவு. ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் போகிற மாதிரி இருக்கிறது, 10க்கு 3 தடவை. மூலைமட்டம் சரி என்பதால் இது என் கைதான் என்று நினைக்கிறேன்.

வெட்டாறு

நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா?

சாமிமலை மெழுகு

அத்தான் அடுத்து எப்போது வருகிறார்? மெழுகு காய்ச்சி வைக்கிறேன்.