ஆறுமுகம் இல்லம் (நியூ ஜெர்சி எடிசன் – கும்பகோணம்)

பெரியம்மா 7:42
📷 படம்
பெரியப்பாவுக்கு ஓட்டு கார்டு தபால்ல வந்துடுச்சு. சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கேன் 🙏

குமார் சித்தப்பா 7:44
வாழ்த்துகள் அண்ணே 💐 நவம்பர் 3 ஓட்டு போட ஒண்ணாவே போவோம்

செல்வி அத்தை 7:45
அண்ணி, படத்தை உடனே அழிங்க, அட்ரஸ் தெரியுது. குமாரு, உனக்கு வாழ்த்து ஒரு கேடு. அண்ணன் கிரீன் கார்டுடா, குடிமகன் இல்ல!

குமார் சித்தப்பா 7:45
அட ஆமா

செல்வி அத்தை 7:46
அண்ணே போனை எடுங்க

பெரியப்பா 7:51
வாக்கிங்ல இருக்கேன். கார்டு அவங்களா அனுப்பினதுதானே. நான் கேக்கலையே.

கார்த்தி 7:52
அப்பா, லைசென்ஸ் ரினியூ பண்ணப் போனப்ப திரையில என்ன அழுத்தினீங்க

பெரியப்பா 7:54
எல்லாத்துக்கும் எஸ்தான். நோ போட்டா லைசென்ஸ் தரமாட்டானோன்னு.

கார்த்தி 7:54
🤦

செல்வி அத்தை 8:03
எல்லாரும் பொறுமையா படிங்க. நியூ ஜெர்சியில 2018 நவம்பர்ல இருந்து லைசென்ஸ் எடுக்கும்போதே ஓட்டர் பதிவும் தானா சேர்ந்துரும், வேண்டாம்னு நாமதான் சொல்லணும். குடிமகன் இல்லாதவங்க அங்க "ஆமா"ன்னு அழுத்தி கையெழுத்தும் போட்டா, குடிமகன்னு பொய் சொன்னதா ஆகலாம். ஓட்டே போடாட்டாலும் ஆபத்துதான். போட்டா இன்னும் மோசம், கிரீன் கார்டே போகலாம்.
அதனால: எந்த ஓட்டும் போடக்கூடாது. ஸ்கூல் போர்டுக்கும் கூடாது. தபால் ஓட்டு வந்தா பிரிக்காம அப்படியே வைங்க. பதிவை ரத்து பண்ணச் சொல்லி கவுண்டிக்கு லெட்டர் எழுதணும், ஆனா அதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல். அந்த லெட்டரே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆயிடும், வார்த்தையை அவர்தான் பார்த்துக் கொடுக்கணும். என்-400ல (குடியுரிமை விண்ணப்பம்) "எப்பவாவது ஓட்டர் பதிவு பண்ணியிருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லைன்னு போட்டா அது ரெண்டாவது பொய். அதனால அதையும் இப்போதைக்கு அனுப்பாதீங்க.
அன்னிக்கு அடையாளத்துக்கு என்ன காட்டினீங்க அண்ணே? கிரீன் கார்டுன்னா அதை மறக்காம வக்கீல்கிட்ட சொல்லுங்க. மறைக்கிற எண்ணம் இல்லைன்னு காட்ட உதவும்.

பெரியப்பா 8:06
கிரீன் கார்டுதான் காட்டினேன்.

பெரியம்மா 8:07
என்-400க்கு 760 டாலர் எடுத்து வச்சாச்சே

நித்யா 8:07
ஆன்லைன்ல 710 பெரியம்மா

குமார் சித்தப்பா 8:09
நம்ம டாக்ஸ் போடற ஆளு நோட்டரியும்கூட. 200 டாலர்ல முடிச்சுடுவாரு

செல்வி அத்தை 8:10
டேய், இங்க நோட்டரின்னா கையெழுத்துக்கு சாட்சி, அவ்வளவுதான். வக்கீல் இல்ல. முத்திரையை நம்பி கேஸைக் கெடுத்துக்கிட்டவங்க எத்தனையோ பேர். வக்கீல், இல்லைன்னா ஃபெடரல் நீதித் துறை (டிஓஜே) அங்கீகாரம் வாங்கின தொண்டு நிறுவன ஆள், இந்த ரெண்டே பேர்தான்.

செல்வி அத்தை 8:11
இன்னொண்ணு. வக்கீலைப் பார்க்காம ஊருக்குப் போகக்கூடாது. திரும்பி வரும்போது ஏர்போர்ட்லயே இதைக் கிளறலாம்.

பெரியம்மா 8:12
என்ன செல்வி இப்படி சொல்ற?? ஐப்பசி முகூர்த்தம். டிக்கெட் போட்டாச்சு, ரீஃபண்டும் கிடையாது. சின்னப்பொண்ணு என்ன சொல்லுவா

குமார் சித்தப்பா 8:14
13 வருஷம் காத்திருந்து ஸ்பான்சர் பண்ணி கூட்டிட்டு வந்தேன். ஒரு பட்டன்ல

கார்த்தி 8:15
அந்த 13 வருஷத்துல எனக்கு 21 வயசு தாண்டி, அப்பாவோட சேர்ந்து கிரீன் கார்டு வாங்க முடியாம போச்சு சித்தப்பா. அதையும் சேர்த்து எழுதுங்க

பெரியப்பா 8:15
விடுங்கப்பா காலங்காத்தால.

நித்யா 8:20
சனிக்கிழமை கோவில் ஹால் ஓட்டர் பதிவு மேசைக்கு யார் யார் வர்றீங்க? 10ல இருந்து 2. பதிவுக்கு அக்டோபர் 13 கடைசி

குமார் சித்தப்பா 8:22
"பதிவு பண்ணினால் ஃபில்டர் காபி இலவசம்"னு போர்டு வைப்போம். கூட்டம் அள்ளும்

செல்வி அத்தை 8:23
பதிவுக்கோ ஓட்டுக்கோ பதிலா எதையும் கொடுக்கக்கூடாது, ஃபெடரல் குற்றம். காபின்னா வர்றவங்க எல்லாருக்கும் கொடு. ஃபாரம் எழுதினாலும் எழுதாட்டாலும்.

குமார் சித்தப்பா 8:24
கோவில் தலைவர் தன் நண்பரோட தேர்தல் பேனரை மேசைக்குப் பின்னாடி மாட்டலாமான்னு கேட்டாரு

நித்யா 8:24
நோ. கோவில் 501(சி)(3), வரிவிலக்கு வாங்கின அமைப்பு அப்பா. எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது, வரிவிலக்கு போயிடும்

குமார் சித்தப்பா 8:25
அவர்கிட்ட யார் சொல்றது

நித்யா 8:25
நீங்கதான்

செல்வி அத்தை 8:33
மேசையில உட்கார்றவங்களுக்கு. ஃபாரத்தைக் கையில கொடுக்கிறதுக்கு முன்னாடியே "இது குடிமக்களுக்கு மட்டும்"னு சொல்லணும். அண்ணன் கதை இன்னொரு வீட்டுல நடக்க வேண்டாம். சந்தேகமா இருக்குன்னு சொன்னா கொடுக்காதீங்க. 17 வயசுப் பிள்ளைங்க பதிவு பண்ணலாம், ஆனா நவம்பர்ல ஓட்டு போட 18 ஆகியிருக்கணும்.
நம்ம ஆளுங்க ஃபாரம் எங்க சிக்கும்னா பேர்லதான். லைசென்ஸ்ல அப்பா பேர் கடைசியில இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி கார்டுல முன்னாடி, சிட்டிசன் சர்டிஃபிகேட்ல இனிஷியல் விரிஞ்சு வேற மாதிரி. லைசென்ஸ் நம்பர், இல்லைன்னா சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி 4 எண்ணை வச்சுதான் ஒப்பிடுவாங்க. பொருந்தலைன்னா முதல் தடவை ஓட்டு போடும்போது அடையாளம் கேப்பாங்க. அதனால எந்த நம்பர் எழுதறாங்களோ, அந்த ஆவணத்துல இருக்கிற பேரையே எழுதச் சொல்லுங்க. அபார்ட்மென்ட் எண்ணை விட்டுடுவாங்க, அதையும் பாருங்க.
புதுசா குடியுரிமைப் பிரமாணம் எடுத்தவங்க சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல குடியுரிமையை மாத்தினாங்களான்னு கேளுங்க. மாத்தலைன்னா பழைய பதிவுல இன்னும் குடிமகன் இல்லைன்னே இருக்கும்.
ஃபாரத்தை போட்டோ எடுத்து இங்க போட்டா நான் குரூப்பை விட்டுப் போயிடுவேன்.

கார்த்தி 8:35
நான் எச்-1பி வேலை விசாவாச்சே, வரலாமா

செல்வி அத்தை 8:36
சம்பளம் வாங்காம உதவி பண்ணலாம். எந்த வேட்பாளருக்கும் காசு மட்டும் கொடுத்துடாதே, தடை. கிரீன் கார்டுன்னா கொடுக்கலாம்.

கார்த்தி 8:36
காசு இருந்தாதானே

பெரியம்மா 8:41
🎤 ஆடியோ (பலமுறை முன்னனுப்பப்பட்டது)
📷 படம்
ஓக் ட்ரீ ரோட்டுல இமிக்ரேஷன் ஆளுங்க வந்துட்டாங்களாம், கடைக்குள்ளயே புகுந்து பிடிக்கிறாங்களாம். யாரும் வெளிய போகாதீங்க!!!

நித்யா 8:42
படத்துல பனி கொட்டிக் கிடக்கு. செப்டம்பர்ல ஏது பனி

பெரியம்மா 8:42
அனுப்பினவ நல்ல பொண்ணும்மா

செல்வி அத்தை 8:48
அண்ணி, இதுக்கெல்லாம் பயந்து சம்பளத்தை இழக்கிறது கடைப் பசங்கதான். நேர்ல பார்த்தவங்க எழுதினா மட்டும் அனுப்புங்க. எத்தனை பேர், என்ன செய்யறாங்க, எந்த முனை, என்ன உடுப்பு, எத்தனை மணி, என்ன வண்டி. இந்த ஆறுல ஒண்ணுகூட உங்க ஆடியோவுல இல்ல.
நிஜமாவே கதவைத் தட்டினா திறக்க வேண்டாம். வாரன்ட் தாளை ஜன்னல்ல காட்டச் சொல்லுங்க, இல்ல கதவுக்கடியில தள்ளச் சொல்லுங்க. ஐ-200, ஐ-205னு இருந்தா அது இமிக்ரேஷன் துறை அதிகாரியே கையெழுத்து போட்டது, அதுக்காக நீங்க கதவைத் திறக்கணும்னு கட்டாயம் இல்ல. கோர்ட் பேர், நீதிபதி கையெழுத்து, சரியான விலாசம் இருக்கான்னு பாருங்க. மீறி உள்ள வந்தா தடுக்காதீங்க, "எனக்கு சம்மதம் இல்லை"ன்னு சொல்லுங்க, எதுலயும் கையெழுத்து போடாதீங்க. கடையில வாடிக்கையாளர் நிக்கிற இடம் வரைக்கும் யாரும் வரலாம். சமையல்கட்டுக்கு அனுமதி வேணும், இல்லைன்னா நீதிபதி வாரன்ட்.
ஏ நம்பர் (இமிக்ரேஷன் துறை ஒவ்வொருத்தருக்கும் கொடுக்கிற எண்) எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி வீட்டுல வைங்க. யாரையாவது கொண்டுபோனா ஆன்லைன்ல தேட அந்த நம்பரும் பிறந்த நாடும் இருந்தா போதும்.

கார்த்தி 8:50
அப்பா கிரீன் கார்டு எங்க

பெரியப்பா 8:51
பீரோ லாக்கர்ல. பத்திரமா இருக்கு.

செல்வி அத்தை 8:51
18 தாண்டினவங்க எப்பவும் கையில வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு அண்ணே. நகல் எடுத்து லாக்கர்ல வைங்க, அசல் பர்ஸ்ல.

பெரியப்பா 8:52
தொலைஞ்சா?

செல்வி அத்தை 8:52
😑

நித்யா 8:55
அப்பத்தாவுக்குத் தபால் ஓட்டா, நேர்லயா? போன வருஷம் கையெழுத்து பொருந்தலைன்னு லெட்டர் வந்துச்சே

செல்வி அத்தை 8:57
பதிவுல தமிழ்ல போட்டுட்டு கவர்ல இங்கிலீஷ்ல போட்டா எப்படிப் பொருந்தும்? நேர்லயே போகட்டும். அக்டோபர் 24ல இருந்து நவம்பர் 1 வரைக்கும் முன்கூட்டியே போடலாம், கூட்டம் இருக்காது. இங்கிலீஷ் படிக்க வராதவங்க துணைக்கு யாரை வேணும்னாலும் உள்ள கூட்டிட்டுப் போகலாம். முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் கூடாது.

குமார் சித்தப்பா 8:58
நான் கூட்டிட்டுப் போறேன்

நித்யா 8:58
தபால் ஓட்டு கேட்டு எழுதிட்டோமே அத்தை. நேர்ல மெஷின்ல விடுவாங்களா

செல்வி அத்தை 9:00
ஐயோ. விடமாட்டாங்க, ப்ரொவிஷனல் சீட்டுதான் (சரிபார்த்த பிறகு எண்ணுறது) கொடுப்பாங்க. அப்ப தபால்லயே இருக்கட்டும், கையெழுத்து போடும்போது பக்கத்துல இரு.

பெரியம்மா 9:02
ஆக டிக்கெட்டை என்னதான் பண்றது

செல்வி அத்தை 9:03
திங்கக்கிழமை வக்கீலுக்குப் போன் போடறேன். அதுவரைக்கும் கேன்சலும் வேண்டாம், பெட்டியும் கட்ட வேண்டாம்.

பெரியம்மா 9:03
பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தாச்சு

குமார் சித்தப்பா 9:04
சனிக்கிழமை மடக்கு மேசை யார் கொண்டு வர்றீங்க

பெரியம்மா 9:06
அந்தக் கார்டை சாமிகிட்ட இருந்து எடுத்துடட்டுமா

செல்வி அத்தை 9:06
ஃபைல்ல வைங்க அண்ணி. கிழிச்சிடாதீங்க, கவரோட.

நித்யா 9:11
🎤 ஆடியோ 0:06
அப்பத்தா பேசுறாங்க: "நான் தமிழ்லதான் போடுவேன், அவங்க கத்துக்கட்டும்"