வில்லையில் அழகு, கூஜாவில் வழிசல்: வழி சொல்லுங்கள்

வணக்கம். காட்பாடிப் பக்கம் கரிகிரியில் மண்பாண்டம் செய்கிறோம். புது வடிவங்களுக்காக ஆறு மாதமாக இரண்டு அங்குல மண் வில்லைகளில் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) சோதித்து வருகிறேன். பின்புறம் ஆணியால் எண் கீறி நோட்டில் குறித்துக்கொள்கிறேன். (முதல் தடவை பென்சிலால் எழுதினேன், சூளை அத்தனையையும் அழித்துவிட்டது.)

கோபால்ட் நீலத்தின் மேல் தாமிரப் பச்சை பூசியது வில்லையில் மயில் கழுத்து போல வந்தது. அதே கலவை கூஜாவில் வழிந்து அடியில் ஒட்டிக்கொண்டது. படுத்திருக்கும் வில்லையில் வழிசல் எப்படித் தெரியும்? என் புத்தி அவ்வளவுதான். இப்போது மண்ணை ‘ட’ போல மடித்து, செங்குத்தாக நிறுத்திச் சுடுகிறேன். வழிவது வில்லையிலேயே தெரிவதால், கலவையைத் திருத்தி வழிசலைக் குறைத்துவிட்டேன். ஆனால் இரண்டு நாள் கழித்து ‘கிணிங்’ என்ற சத்தத்தோடு மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன.

கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குவதே காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சுருக்கத்தைக் குறைக்கக் கிளேஸில் குவார்ட்ஸ் பொடி சேர்த்துப் பார்த்தவர்கள் நூறு கிராமுக்கு எவ்வளவு சேர்த்தீர்கள்? பச்சை வெளிப்புறம் மட்டும்தான். புளிப்பு தாமிரத்தைக் கரைக்கும், ஊறுகாய் ஜாடிக்குள் பூச மாட்டேன்.

இன்னொன்று: நாற்பது சோதனைத் துண்டுக்காகத் தனிச் சூளை மூட்டக் கட்டுப்படியாகவில்லை. ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் யாராவது உங்கள் சூளையில் ஒரு தட்டு இடம் தருவீர்களா? எரிபொருள் பங்கைக் கொடுத்துவிடுகிறேன்.