தாத்தாவும் அப்பாவும் குடித்தால் பிள்ளைக்கும் குடிநோய் வருமா?

கொழுந்துக்காடு, கோத்தகிரி:
வணக்கம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கூட்டம் போட்டு, குடிப்பழக்கம் பற்றிப் பேசப் போகிறோம். இரண்டு கேள்வி கட்டாயம் வரும். "ரத்தத்துலயே இருக்கு, பையன் எப்படித் தப்புவான்?" "இந்தக் குளிருக்கு கட்டிங் போடாம முடியுமா?" என்ன சொல்லலாம்?

மலைக்காற்று:
இரட்டையர், தத்துப் பிள்ளைகள் ஆய்வுகளின்படி, குடிநோய் (குடிக்கு அடிமையாவது) வருவதில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 50 சதவீதம் மரபு. மீதி சூழல். குடிக்கென்று தனி ஜீன் கிடையாது, பல ஜீன்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன.

மது கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடாகும், பிறகு அசிட்டேட்டாகும். இரண்டாவது வேலை ஏஎல்டிஹெச்2 நொதியுடையது. கிழக்காசியாவில் பலருக்கு அது மந்தம். கொஞ்சம் குடித்தாலே அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவந்து குமட்டும், அதனால் அளவு ஏறாது. நம்மவர்களிடம் அந்த மாற்றம் அரிது.

"எவ்வளவு அடிச்சாலும் ஏறாது" என்று கூட்டாளிகள் மெச்சும் பையனைப் பற்றி அவசியம் பேசுங்கள். குடிநோயாளிகளின் மகன்களிடம் இந்தத் தன்மை கூடுதலாகக் காணப்படுகிறது. போதை தெரியாததால் அளவு கூடிக்கொண்டே போகும். முதலில் கவனிக்க வேண்டியவன் அவன்தான்.

உறைபனி:
மது தோலடி ரத்தக்குழாய்களை விரிக்கும். உள்ளிருந்த சூடு தோலுக்கு வருவதால் கதகதப்பு, பிறகு அது வெளியே போய்விடும். மார்கழி, தை இரவில் குடித்து வழியில் விழுந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

கணக்கையும் காட்டுங்கள். குவார்ட்டர் 180 மி.லி., 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 9 மணிக்குள் இரண்டு குவார்ட்டர் முடித்தவர் காலை 8 மணிக்கு மலைப்பாதையில் வண்டி இறக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும்.

சூழலில் பெரியது, தொடங்கும் வயது. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் பின்னாளில் அடிமையானார்கள். 20க்கு மேல் தொடங்கியவர்களில் 10 சதவீதம்தான். ஆகவே பிள்ளையை டம்ளர் எடுக்க, தண்ணீர் கலக்க, சைட் டிஷ் வாங்க அனுப்பவே கூடாது. சம்பள நாளில் அரிசி, பள்ளிச் செலவுப் பணம் முதலில் வீட்டுக்காரம்மா கைக்குப் போகட்டும்.

கொழுந்துக்காடு:
நன்றி. தினமும் குடிப்பவர் கூட்டம் கேட்டுவிட்டு அன்றே நிறுத்தினால்?

மலைக்காற்று:
தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள். 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு, 2 முதல் 4 நாளில் பிதற்றல் வரலாம். அந்நேரம் ஒதுக்குப்புறத் தோட்டத்திலிருந்து ஜீப் தேட முடியாது. முன்னதாகவே அரசு மருத்துவமனையில் காட்டி, தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு ஆரம்பிக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதானால் தயமின் முன்போ கூடவோ போக வேண்டும், இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

சோற்றில் ரகசியமாக மருந்து கலக்கும் வழக்கத்தையும் தடுங்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிராம் மாத்திரை மேலே சொன்ன அதே ஏஎல்டிஹெச்2 நொதியை முடக்கும். மருந்து கலந்தது தெரியாமல் மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் தடுமாறலாம். குடிப்பவரின் சம்மதமும் கல்லீரல் பரிசோதனையும் இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.